மூன்றாம் அறையின் நெடி

வெயில் ஊரையே வறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், கிடங்கின் மூன்றாம் குளிர் அறைக்குள் தன் புருஷன் நிற்பதை மோப்பக்கா உணர்ந்தாள். அவர் செத்து இரண்டு கோடை கடந்திருந்தது.

கண்ணால் எதையும் பார்க்கவில்லை. காதிலும் எதுவும் விழவில்லை. வழக்கம்போல ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மாங்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே பின்சுவர்வரை போனாள். இடது மூலையில் திரும்பியதும் கால் தானாக நின்றுவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவர் சட்டையிலிருந்து வருமே, அந்த நெடி. மெலிதாக, வருகிறதா வரவில்லையா என்று மற்றவர்கள் யோசிக்கும்படியாக. அவள் மூக்குக்கு அந்த யோசனையெல்லாம் தேவையில்லை.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். டார்ச்சை அணைக்காமலே வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

அந்தக் கிடங்கில் அவளுடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் மோப்பக்கா. அந்தப் பெயரை வைத்தவன் சுமை ஏற்றும் ஆட்களில் ஒருவனான ஒட்டகம். அவனுடைய நீளக் கழுத்தைப் பார்த்து யாரோ அவனுக்கு அப்படிப் பெயர் வைக்க, அந்தக் கடுப்பை அவன் கிடங்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் வைத்துத் தீர்த்துக்கொண்டான். கழிவறைக்குப் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி வந்து நிற்பான். "இன்னிக்கு வேற பிராண்டா?" என்பாள் அவள், முகத்தைக்கூடத் திருப்பாமல். அப்படி விழுந்த பெயர் அது.

அவளுடைய வேலையே மூக்கு வேலைதான். தோப்புகளிலிருந்து கல் மாதிரி பச்சையாகக் காய்கள் வந்து இறங்கும். காம்பை ஒட்ட நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுவார்கள். பிறகு சுடுதண்ணீர்த் தொட்டி. தோலுக்கடியில் ஈ முட்டை வைத்திருந்தால் அந்தச் சூட்டில் செத்துப்போகும். துடைத்து, தரம் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, குளிர் அறைக்குள் தள்ளிவிட்டால் கன்டெய்னர் வருகிற வரைக்கும் பதிமூன்று டிகிரியில் தூங்கிக்கொண்டிருக்கும். குளிர் கூடினால் தோல் கறுக்கும், குறைந்தால் பழுத்துத் தொலைக்கும். அதிலும் ஒரே ஒரு காய் அவசரப்பட்டுப் பழுத்துவிட்டால் போதும், பக்கத்துக் காய்களையும் எழுப்பிவிட்டுவிடும். கப்பல் கரை சேரும்போது பெட்டிக்குள் கூழ்தான் இருக்கும். அந்த ஒற்றைக் காய் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நடந்தபடியே மோந்து கண்டுபிடித்து வெளியே எடுப்பவள் மோப்பக்கா.

அவள் புருஷனுக்கும் அதே கிடங்குதான். மெஷின் ரூம் அவருடைய ராஜ்ஜியம். கம்ப்ரஸர், குழாய், வால்வு, தொட்டி எல்லாவற்றையும் பெற்ற பிள்ளை மாதிரி தட்டிக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அறைகளைக் குளிர வைப்பது அமோனியா. அந்த நெடியும், கிரீஸும், இரண்டையும் போக்குவதாக நினைத்து அவர் அரக்கித் தேய்த்துக்கொள்ளும் சோப்பும் ஒன்றாகக் கலந்து அவர் மேல் ஊறியிருந்தன. கல்யாணமான புதிதில் மோப்பக்காவுக்கு அது வயிற்றைப் புரட்டியது.

"சட்டையை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க. பூனை மூத்திரம் மாதிரி நாறுது."

"இந்த நாத்தம்தான்டி நமக்குச் சோறு போடுது."

"அதுக்காக அதைச் சோத்துல கலந்தா போடுவாங்க?"

இப்படியே வருஷங்கள் ஓடின. குழந்தை இல்லை. புருஷனோடு ஒத்துப்போகாமல் அவருடைய தங்கை பெட்டியும் கையுமாக அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அவளுக்கும் அதே கிடங்கில் சுடுதண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அமைந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்புவார்கள். சட்டை மட்டும் வாசலிலேயே கிடந்தது. பின்னால் ஒரு மழைக்காலத்தில், சட்டை நனைகிறதே என்று மோப்பக்காவே அதை எடுத்து உள்ளே மாட்டினாள். அதற்குப் பிறகு அதை யாரும் வெளியே போடவில்லை.

அவர் போனது வேலையிலிருந்து திரும்பும்போது. மெஷின் ஒன்று மக்கர் செய்ததால் பெண்களை முன்னால் அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோர சீட். தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வீடு இருக்கும் நிறுத்தத்தைத் தாண்டி பஸ் போனது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தொட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தன் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்தபடி அவர் தாண்டிப் போயிருப்பாரோ, இல்லை அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்குமோ என்பது மோப்பக்காவின் மனசை விடாமல் அரித்தது. யாரிடம் போய்க் கேட்பது?

அவளுக்கு அழுகை வரவில்லை. சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு" என்று வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். நாத்தனார்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதாள். வந்தவர்கள் எல்லாம் கலைந்து போன மறுநாள் காலையில், மோப்பக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அண்ணன் துணிகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் நுரை பொங்கப் பொங்கத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள் நாத்தனார். அண்ணி எழுந்து அதைச் செய்ய வேண்டியிருக்குமே என்ற நல்ல எண்ணம்தான். மோப்பக்கா கொடியருகே போய் ஒவ்வொரு சட்டையாக முகத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலும் சோப்பும். கக்கத்தில், காலரில், பட்டன் ஓரத்தில்கூட மிச்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் மடித்து வைத்தாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மூன்றாம் அறையில் அந்த நெடி வந்தது.

முதல் நாள் பயந்து ஓடிவந்தவள், மறுநாள் வேறு வேலையையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக அந்தக் கதவைத் திறந்தாள். திறந்ததும் வரவில்லை. மூலைக்குப் போன பிறகே வந்தது. அதற்கடுத்த நாள் மூலையில் இல்லை, நடுவரிசையில் இருந்தது. அவள் நெருங்கியதும் அங்கிருந்து நகர்ந்து அடுத்த சந்துக்குப் போனது. முன்னால் யாரோ மெதுவாக நடந்துபோக, பின்னால் அவள் போவது போல. மேலே கூலரின் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்தக் காற்றுக்கு நெடி இடம் மாறும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் சந்து திரும்பும் இடத்தில், பெட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் நெடி சட்டென்று நின்றபோது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எட்டிப் பார்த்து ஒன்றுமில்லாமல் போய்விட்டால்?

அப்போதுதான் கண்கள் நிறைந்தன. துளிகள் வழிந்து கன்னத்தில் இறங்கி, குளிரில் ஊசியாய்க் குத்தின. இரண்டு கோடையாக வராத கண்ணீர். அழுவதற்குக்கூட இந்த மனுஷன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். கவிழ்த்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. வெளியே முற்றத்துத் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். தகரக் கூரை படபடவென்று வெடிக்கும். சுமைக்காரர்கள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு நிழல் தேடி அலைவார்கள். உள்ளே கூடை மேல் உட்கார்ந்து மோப்பக்கா புருஷனோடு பேசிக்கொண்டிருப்பாள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, உங்கள் தங்கச்சிக்கு முட்டி வலி, எதிர்வீட்டுக்காரன் திரும்பவும் வண்டியை நம் வாசலில் நிறுத்துகிறான். ஒருநாள் கேட்டேவிட்டாள்: "அன்னிக்கு வீட்டு விளக்கு தெரிஞ்சுதா உங்களுக்கு?" விசிறி இரைந்தது. நெடி அவள் முதுகுப் பக்கமாக வந்து, காதோரம் தங்கி, மெல்லப் போனது. அன்றைக்கு வெளியே வந்தபிறகு வெயிலில் நின்றும் நடுக்கம் அடங்கவில்லை.

வீட்டில் நாத்தனார் கவனித்தாள். "அண்ணி, உங்களுக்கு என்னாச்சு? சாப்பிடும்போது சிரிக்கறீங்க. பக்கத்துல யாரோ இருக்கற மாதிரி நகர்ந்து உட்கார்றீங்க."

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு போல."

"ஏறினா நல்லதுக்குத்தான் ஏறியிருக்கு. கண்ணுதான் சிவந்து கிடக்குது."

அந்தக் கோடையில் மெஷின் ரூமில் ஒரு புது மெக்கானிக் இருந்தார். வயது குறைவுதான், ஆனால் பொறுப்புக்குப் பயந்து பாதி முடியைக் கொட்டியிருந்தார். வெயில் ஏற ஏறக் குழாய்களில் அழுத்தம் எகிறியது. கம்ப்ரஸர் ஒரு நிமிஷம் ஓயவில்லை. வெளியே வெப்பத்தைக் கக்கும் குழாய்களின் மேல் அவர் ஓஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். அதோடு இன்னொரு தலைவலி. அமோனியா குறைந்துகொண்டே வந்தது. ஊற்ற ஊற்ற எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வெளிக்குழாய்களை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டார். ஒரு மத்தியானம் மோப்பக்காவை வழிமறித்தார்.

"அக்கா, ரூமுக்குள்ள எங்கயாவது கேஸ் நெடி அடிக்குதா? என் மூக்கு மெஷின் ரூம்லயே மரத்துப் போச்சு. உங்க மூக்குக்குத் தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "மாங்காய் வாசனைதான் வருது, தம்பி."

சொல்லிவிட்டு நடந்தாள். பொய் என்று தெரிந்து சொன்னாளா? அமோனியாக்காரன் பெண்டாட்டி, அத்தனை வருஷம் அந்த நெடியைத் துவைத்துக் கசக்கியவள், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். மூக்கு அதன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அவள்தான் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தாள். ஒட்டகம் ஒருநாள் மூன்றாம் அறைக்குள் பெட்டி அடுக்கிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்து, "என்னக்கா, உள்ளே ஒரு மாதிரி எரியுது?" என்றபோது, "தரைக்கு மருந்து போட்டுத் துடைச்சேன். இனிமே நீ அந்த மூலைக்குப் போகாத, நானே பார்த்துக்கறேன்" என்று மழுப்பினாள். வேறு எவருடைய மூக்கும் அங்கே நுழையக் கூடாது என்றிருந்தது அவளுக்கு.

வினை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் அறையிலிருந்து கிளம்பிய ஒரு கன்டெய்னர் அக்கரையில் திறக்கப்பட்டபோது, அதில் ஒரு பகுதிப் பெட்டிகளில் இருந்த காய்களின் தோலெல்லாம் பொட்டுப் பொட்டாய்க் கறுத்திருந்தது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பி, இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்கிற மாதிரி பேசியிருந்தார். மேனேஜர் எல்லோரையும் தரம் பிரிக்கும் கொட்டகையில் கூட்டி வைத்துக்கொண்டு, செல்போனை உயர்த்திக் காட்டினார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது வெந்த காய். தண்ணி சூட்டைக் கூட்டி வெச்சு வேக வெச்சிருக்காங்க. தொட்டியில யாரு?"

நாத்தனார் முன்னால் வந்தாள். "நான்தாங்க. ஆனா சூட்டைக் கூட்டவே இல்லீங்க. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டேதான் நிக்கறேன்."

"வெயில்ல நின்னு நின்னு கண்ணு சொருகியிருக்கும். நீங்களும் மனுஷிதானே. ஆனா இந்தச் சரக்குக்கு யாராவது பதில் சொல்லியாகணும்மா. இந்த லோடு போகட்டும், அப்புறம் பேசுவோம்."

என்ன பேசுவார் என்று எல்லோருக்கும் விளங்கியது. செல்போன் கை மாறிக் கை மாறி மோப்பக்காவிடம் வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது காய். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூன்றாம் அறைக்குப் போய், இடது மூலையில், தான் தினமும் சாய்ந்து உட்காரும் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தாள். அதே பொட்டுகள், அமோனியா பட்டுக் கறுத்தவை. அடுத்த பெட்டியிலும் அவைதான். தினம் தினம் பெட்டியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அன்று வீட்டில் நாத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நீராவி பட்டுப் பட்டு அவள் முன்கைகள் சிவந்து உரிந்திருந்தன.

"அண்ணி, என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நான் அஜாக்கிரதையா இருந்திருப்பேன்னு நினைக்கறீங்களா?"

"இல்ல."

"அண்ணன் இருந்திருந்தா ஒரு பார்வையிலேயே சொல்லியிருப்பாரு, என்ன நடந்துச்சுன்னு."

மோப்பக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மூன்றாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடி எப்போதையும்விடக் கனமாக இருந்தது. அவளுக்காகவே காத்திருந்தது போல மூலையில் நின்றது. கண்கள் உடனே நிறைந்தன. கூடையில் உட்காரவில்லை.

"உங்க தங்கச்சியை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க," என்றாள். "நான் வாயைத் திறந்தா நீங்க போயிடுவீங்க. திறக்கலன்னா அவ போயிடுவா. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

விசிறிச் சத்தம்தான் கேட்டது. பெட்டிகளின் அட்டை ஈரத்தில் லேசாக முனகியது. சால்வையின் ஒரு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நேரே மெஷின் ரூம் வாசலுக்குப் போனாள்.

"தம்பி, மூணாம் ரூம். பின்பக்கம், இடது மூலை. மேல பாருங்க."

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் ஏணியையும் கந்தகத் திரியையும் எடுத்துக்கொண்டார். கேஸ் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு அந்தத் திரிதான் வழி. எரியும் கந்தகத்தின் புகை அமோனியாவில் பட்டால் பளீரென்று வெள்ளையாகத் திரண்டுவிடும். அவள் புருஷன் சட்டைப்பையிலும் எப்போதும் இரண்டு திரிகள் கிடக்கும்.

ஏணியில் ஏறி, திரியைப் பற்றவைத்து, கூலருக்குப் போகும் குழாயை ஒட்டி மெதுவாக நகர்த்தினார் அவர். முதலில் ஒன்றுமில்லை, மங்கலான நூல் போல் ஒரு புகை. வால்வு அருகே போனதும் அந்த நூல் சட்டென்று கொழுத்தது. பால் போல வெள்ளைப் புகை பொங்கி எழுந்து, விசிறிக் காற்றில் அலைந்து, கீழே இறங்கி, பெட்டி அடுக்கின் ஓரமாக ஓர் ஆள் உயரத்துக்குத் திரண்டது. தோள் மாதிரி ஒன்று சாய்ந்தது. மோப்பக்கா கையை நீட்டினாள். விரல்களுக்கு நடுவே ஈரமாய், குளிராய் எதுவோ கடந்துபோனது போலிருந்தது.

"ஆத்தி!" என்றார் மெக்கானிக் மேலேயிருந்து. "வால்வோட பேக்கிங் போயிருக்கு. இந்த வெயில் அழுத்தத்துக்கு விட்டுடுச்சு. எத்தனை நாளா ஒழுகுதோ! நீங்க தினமும் இங்க வர்றீங்களே அக்கா, கண்ணு எரியலையா? இந்த கேஸ் பட்டா தண்ணியா கொட்டுமே?"

அவள் கையால் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் இன்னமும் நனைந்திருந்தது. இத்தனை நாள் கொட்டியது எது? அவளுடையதா, அந்த வால்வுடையதா? இப்போது இறங்கிக்கொண்டிருப்பதில் எந்தச் சொட்டு யாருடையது?

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார்.

"ஒரு நிமிஷம், தம்பி."

"ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு நிமிஷம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள். தொண்டை எரிந்தது. இருமல் பிடுங்கியது. இருமிக்கொண்டே, "சரி, மூடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். புருஷன் விஷயத்தைத் தவிர. நெடி தெரிந்தது, சொல்லாமல் விட்டேன் என்றாள். ஏன் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். குரலை உயர்த்தினார், மேஜையைத் தட்டினார். பிறகு அந்த மௌனத்தின் முன் அலுத்துப் போய், "உள்ளே ஒரு ஆள் மயங்கி விழுந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?" என்றார். அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. ஒட்டகம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றது கண்முன் வந்தது. இனிமேல் குளிர் அறைகளுக்குள் அவள் போகக் கூடாது என்று முடிவானது. மூன்றாம் அறைச் சரக்கில் தேறியதை மட்டும் கப்பலுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை ஜூஸ் போடுகிறவர்களுக்கு அனுப்பினார்கள். நாத்தனார் மேல் இருந்த பழி விலகியது. மோப்பக்கா அவளுக்குத் துணையாகச் சுடுதண்ணீர்த் தொட்டியில் நிறுத்தப்பட்டாள்.

நாத்தனார் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை, தொட்டியருகிலும் பேசவில்லை. கூடையை ஒரு பக்கம் இவள் பிடிக்க, மறுபக்கம் அவள் பிடிக்க, இரண்டு பேரும் தண்ணீரில் இறக்குவார்கள், தூக்குவார்கள். நீராவிக்கு நடுவே முகம் தெரியாது. மோப்பக்கா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்த நெடி, பேச்சு, கூடை, கண்ணீர், ஒன்றுவிடாமல். சொல்லி முடித்ததிலிருந்து இந்த ஊமைத்தனம். தன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தாளே என்ற கோபம். நியாயம்தானே என்று மோப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் கூடையைத் தூக்கி வடிய விடும்போது நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"எனக்குக் காட்டியிருக்கலாம்ல."

"என்னது?"

"அண்ணனை. நீங்க மட்டும் தனியா வெச்சுக்கிட்டீங்களே. நானும் அவர் கூடப் பொறந்தவதானே?" கூடையின் பிடியை மாற்றிக்கொண்டாள். "துணியெல்லாம் துவைச்சுட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கே திட்டியிருந்தீங்கன்னா நான் நிம்மதியா இருந்திருப்பேன். காய்ஞ்ச பிறகுதான் எனக்கே உறைச்சுது, என்ன காரியம் பண்ணிட்டோம்னு. அதுக்குப் பழி வாங்கற மாதிரி ஆயிடுச்சு அண்ணி, நீங்க பண்ணது."

கூடையிலிருந்து சூடான தண்ணீர் இருவர் காலிலும் சொட்டிக்கொண்டிருந்தது. மோப்பக்காவுக்கு நகர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் மூன்றாம் அறைச் சரக்கு ஏற்றும் நாள் வந்தது. கன்டெய்னர் பின்பக்கமாக வந்து வாசலோடு ஒட்டி நின்றது. ஒட்டகமும் மற்றவர்களும் கையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு, ஏற்றுவதற்கு முன் ஒரு மூச்சு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மோப்பக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க. எந்த இடம்னு காட்டுங்க."

"என்னை உள்ளே விட மாட்டாங்க."

"நான் கூட்டிக்கிட்டுப் போறேன். என்னை வேண்டாம்னு யாரும் சொல்லலியே."

ஒட்டகம் பார்த்தான். கழுத்தை நீட்டி மேனேஜர் அறைப் பக்கம் ஒரு நோட்டம் விட்டான். பிறகு யாரையும் பார்க்காதவன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை மறைத்து நின்றான்.

தொட்டிச் சூட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் குளிர் அறைந்தது போல இருந்தது. ஸ்வெட்டர்கூட இல்லை. பெட்டிகளுக்கு நடுவே பின்சுவர்வரை நடந்து, இடது மூலையில் திரும்பி, மோப்பக்கா மேலே கையைக் காட்டினாள். புது வால்வு பளபளத்தது. மோப்பக்கா மூக்கை விடைத்துப் பார்த்தாள். பச்சைத் தோல், காம்புப் பால், நனைந்த அட்டை, தரை ஈரம். அடுக்குக்கு அந்தப் பக்கம், சந்துக்குள், முதுகுக்குப் பின்னால், எல்லாப் பக்கமும் மூக்கை அனுப்பித் தேடினாள். சுத்தமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. அவர் இல்லை.

நாத்தனாருக்கு நீராவியில் நின்று நின்று எப்போதும் மூக்கடைப்புதான். அடுப்பில் பால் பொங்கினால்கூடச் சத்தம் கேட்டுத்தான் ஓடுவாள். அவள் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, மெதுவாக மூச்சிழுத்தாள். இழுத்தபடி வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"இருக்காரு அண்ணி," என்றாள் ரகசியமாக. "லேசா. சோப்பு வாசனையோட. உங்களுக்கு வருதா?"

மோப்பக்கா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமைகளுக்கடியில் ஒன்று திரண்டு, உடையப் பார்த்துக்கொண்டிருந்தது. கேஸ் இல்லாத அறையில்.

"வருது," என்றாள்.

வாசலிலிருந்து ஒட்டகம் இரண்டு முறை செருமினான். பின்னாலேயே மேனேஜரின் குரல், கதவை எவன்டா இப்படித் திறந்து போட்டது, குளிரெல்லாம் வெளிய போகுதே என்று கத்தியது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, பெட்டி அடுக்குகளில் உரசாமல், வந்த வழியே வேகமாக நடந்தார்கள். வாசலுக்கு வந்ததும் வெயில் கண்ணைக் கூச வைத்தது.